அம்மாவின் கொப்பி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "தனியாக இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் அப்பா, இங்கே கனடாவுக்கு வந்துவிடுங்கள்" என்றாய். தொலைபேசியில் தொடங்கினால் நீ இடைக்கிடையே "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லியே கதையை முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்தைந்து ஆண்டு கந்தோரில் லிகிதராக இருந்தவன் நான். தாளில் எழுதிப் பார்த்தால்தான் எனக்கே என் மனம் பிடிபடுகிறது.

முதலில், உன்னிடம் மறைத்த ஒன்று. அம்மாவின் அந்தியேட்டி முடிந்து நீங்கள் எல்லோரும் விமானம் ஏறிய பிறகு ஏழெட்டு மாதம் நான் நன்றாக இருக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். வயிற்றில் எரிச்சல். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவேன். எனக்குச் சமைக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஒருவனுக்காக உலை வைக்கத்தான் மனம் வரவில்லை. காலி வீதிக் கடையொன்றில் தினமும் பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல் எடுப்பேன். ஒருநாள் ஒன்றரையாகிவிட்டது. பார்சல் கட்டும் பையன் நிமிர்ந்து பார்த்து, "ஏன் ஐயா இன்றைக்குப் பிந்திவிட்டது, வருத்தமா?" என்றான். வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரிக்காமல் மேசையில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் பிந்தியதைக் கவனிக்க இந்த நகரத்தில் ஒருவன் இருந்தான், அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

வயிற்றைக் காட்டப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் எதுவும் இல்லை. அங்கிருந்த டொக்டர் பிள்ளைக்கு உன் மகளைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். "கடைசியாக எப்போது ஒன்றை ஆசைப்பட்டுச் செய்தீர்கள்?" என்று கேட்டார். உறைப்பு, புளி, எண்ணெய் பற்றிக் கேட்பார் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்தான் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

மறதி நோய் தொடங்கிவிட்டது என்றுதான் நான் பயந்திருந்தேன். மனச்சோர்வு என்றார்கள். முதுமையில் அது கவலை முகத்தோடு வராமல் வயிற்றெரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் மறதியாகவும் வருவதுண்டாம். "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவதால்தான் பலருக்கு அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. மருந்துக்கும் பேச்சுக்கும் இணங்கும் நோய் அது. ஒன்பது மாதம் மாத்திரை எடுத்தேன். யாரும் கண்டுவிடுவார்களோ என்று தெஹிவளைக்குப் போய்த்தான் வாங்கினேன்! இரத்த அழுத்த மாத்திரையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் பார்க்க விழுங்குகிறவன், இதை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தேன். இப்போது மருந்து இல்லை. ஆகவே நீ பயப்படாதே.

மாத்திரை தூக்கத்தைத் திருப்பித் தந்தது. மிச்சத்தைத் தந்தது அம்மாவின் சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் குறிப்புப் புத்தகம். தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடக்குமே, நீல மட்டை, முதுகில் பிளாஸ்டர் ஒட்டியது. தண்ணீர்க் கட்டண விவரம் தேடி அதைத் திறந்தேன். இலக்கங்கள் இருக்கும் என்று தெரியும். குறிப்புகள் இருக்கும் என்று தெரியாது. "தெல்லிப்பளை அக்கா: இரவு எட்டுக்குப் பிறகு. காது மந்தம், உரத்துக் கதைக்கவும்." "சுன்னாகத்துப் பெரியம்மாவின் மகள்: புருசனைப் பற்றிக் கேட்க வேண்டாம்." ஒவ்வொன்றின் கீழும் சிறிய எழுத்தில் திகதிகள். எப்போது எடுத்தாள், எப்போது அவர்கள் எடுத்தார்கள் என்ற கணக்கு. கந்தோரில் நான் வைத்திருந்த பதிவேடுகள்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அதில் ஒரு பக்கம் என்னை அப்படியே இருத்திவிட்டது. "இவரின் கந்தோர் நண்பர், கொம்பனித்தெரு. மனைவிக்குச் சத்திரசிகிச்சை. விசாரிக்கவும்." கீழே ஒன்பது திகதிகள். உனக்கு நினைவிருக்கும், நீ சின்னவனாக இருந்தபோது நோன்புப் பெருநாளுக்குத் தொதல் கொண்டுவருவாரே, அந்த மலாய்க்காரர். நான் 60 வயதில் ஓய்வு பெற்ற பிறகு அவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. என் நண்பரின் மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தவள் உன் அம்மா. எனக்கு உறவு, நட்பு என்று ஊர் நினைத்திருந்ததெல்லாம் அவளுடைய கையெழுத்தில் இருந்தது. நான் அவள் கணவன் என்ற முறையில் எல்லா வீட்டிலும் தேநீர் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் எப்போதும் இப்படி இருந்தவனல்ல. 83 ஜூலைக் கலவரத்துக்கு முன்பு கந்தோரில் நாங்கள் நால்வர் ஒன்றாகத்தான் மதியச் சாப்பாடு. ஒருவன் மீன்குழம்பு கொண்டுவந்தால் நால்வரும் தொட்டுக்கொள்வோம். அந்த ஜூலைக்குப் பிறகு ஒருவன் சென்னைக்கு, ஒருவன் லண்டனுக்கு, ஒருவன் ஊரோடு போய்விட்டான். உங்களைக் கப்பலில் காங்கேசன்துறைக்கு அனுப்பிவிட்டு நான் வேலைக்காகத் திரும்பி, ஓர் அறையில் தனியாக இருந்தேன். புதிதாக யாராவது நெருங்கி வந்தால், "இவனும் எப்படியும் போகப்போகிறவன்" என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லும். கடவுச்சீட்டு எடுத்துவிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் பழகினேன். என் வயதுக்காரர் பலரிடம் இதைக் காண்கிறேன். கலவரம் கொண்டுபோன வீட்டையும் சாமானையும் எல்லோரும் கணக்குப் போட்டார்கள், நட்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. என் பிழையையெல்லாம் 83இன் தலையில் கட்டிவிடவும் நான் விரும்பவில்லை. அம்மாவும் அதே ஆண்டைத்தான் கடந்தாள். அவள் கொப்பி வைத்திருந்தாள்.

இனி உன் மகள். பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடத்துக்கு வயதான ஒருவரிடம் கேள்வி கேட்டு எழுத வேண்டுமாம், அப்பப்பாவைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் என்று தொடங்கியது மூன்று கிழமை ஓடியது. அவள் தமிழ் தட்டுத் தடுமாறும், ஆனால் நிற்காது. எரிக் எரிக்சன் என்பவர் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தாராம். நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது ஆக்கிக் கொடுக்கிறாயா, அல்லது தேங்கிப்போகிறாயா என்பது ஏழாவது. முதுமையில் திரும்பிப் பார்த்து, வாழ்ந்தது சரிதான் என்று நிறைவடைகிறாயா, மனம் கசந்துபோகிறாயா என்பது எட்டாவது. அவர் இறந்த பிறகு, 1997இல், எண்பது தொண்ணூறு வயதின் தளர்ச்சியைப் பற்றி ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்தவர் அவருடைய மனைவி ஜோன். கேட்டதும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டிலும் மிச்சத்தை எழுதியவள் மனைவிதான்.

இன்னொன்றும் சொன்னாள். ஹார்வர்ட்டில் 1938இல் தொடங்கி 724 ஆண்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதில் யார் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தார்களோ, அவர்கள்தான் எண்பதில் நல்ல சுகத்தோடு இருந்தார்களாம். நடுவயதுக் கொலஸ்ட்ரோலைவிட அதுவே நன்றாக முன்னறிவித்ததாம். வயது ஏற ஏற மனிதர்கள் பழக்கங்களைக் குறைத்து நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்வதும் இயல்புதான், அது நல்லதுக்கே என்று லோரா கார்ஸ்டென்சன் என்ற பேராசிரியர் சொல்கிறாராம். "குறைப்பதற்கு முதலில் கையில் ஆட்கள் இருக்கவேண்டுமே பிள்ளை" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

கடைசி நாள் அவளுடைய கேள்வித் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். "அப்பப்பா, அப்பாவின் நண்பர் யார்?"

நான் யோசித்தேன். உன் வேலையிடம், உன் வீட்டுக் கடன், முழங்கால் வலி, பனி வழிக்கும் இயந்திரத்தின் விலை, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பெயர் வரவில்லை. எங்கள் ஆட்களில் யார் யாருக்கு என்ன நடந்தது என்பதை எனக்குச் சொல்வது மருமகள்தான். பிறந்தநாள் வாழ்த்து உன் பெயரில் வரும், எழுதியது அவள். உனக்கு இப்போது 48. என் மனச்சோர்வு அம்மா போன பிறகு வந்தது என்று டொக்டர் எழுதினார். அதற்கான வேலையை நான் உன் வயதிலேயே தொடங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே என் தனிமையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தோறும் கவலைப்படுகிறவனை நினைத்து இங்கே நான் கவலைப்படுகிறேன்.

நான் வரமாட்டேன். உங்களோடு ஸ்காபரோவில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் யன்னலால் பார்த்து, அடுத்த வீட்டுக் காரின் மேல் எவ்வளவு பனி என்று அளந்துகொண்டிருந்தேன். இங்கே காலையில் செவிக்கருவியைப் போட்டுக்கொண்டு கடற்கரை வீதிக்கு இறங்கினால் ரயில் சத்தத்தோடு நாலைந்து பேர் குரலும் கேட்கிறது. கருவி வேண்டாம் என்று நான் எவ்வளவு காலம் அடம்பிடித்தேன்! காது கேளாமை ஒருவனை மெல்ல மெல்லச் சபையிலிருந்து விலக்கிவிடும், மறதி நோய்க்கும் அது ஒரு காரணி என்கிறார்கள். சந்தித்த பாதிப் பேர் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்திருந்தார்களாம்.

பத்து மணிக்குத் தமிழ்ச் சங்க நூலகம். மாலையில் எங்கள் தொடர்மாடியில் யாராவது ஒரு விண்ணப்பத்தோடு வந்துவிடுவார்கள். முதியோர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை, ஓய்வூதியக்காரருக்கு உயிர்வாழ் சான்றிதழ். ஆண்டுக்கொருமுறை நான் உயிரோடு இருப்பதாகக் கிராம உத்தியோகத்தர் கையெழுத்துப் போடுகிறாரே, அது. மூன்றாம் மாடிச் சிங்களப் பையன் தமிழ் படிக்க வருகிறான், "ழ" அவனுக்கும் வரவில்லை, உன் மகளைப் போல. வியாழக்கிழமைகளில் கொம்பனித்தெருக்காரரோடு காலிமுகத்திடல். இறால் வடை அவருக்கு விலக்கு, ஆகவே எனக்கு வாங்கி, பாதியை அவர் தின்கிறார். முதல் முறை தொலைபேசி எடுத்தபோது, "நீரா? உம்முடைய மனுசி போன செய்தி கேட்டு இரண்டு முறை எடுத்தேனே" என்றார். நான்தான் அப்போது எதையும் எடுக்கவில்லை.

இரவில் சில நாள் வீடு பெரிதாகத்தான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வானொலியைச் சத்தமாக வைக்கிறேன்.

கொப்பியில் உன் பெயரிலும் ஒரு பக்கம் இருந்தது. கொக்குவிலில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், சைக்கிள் பாரில் உன்னை ஏற்றித் திரிந்தவன். அவனுடைய தாயோடு அம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கதைத்திருக்கிறாள். நான் போன கிழமை எடுத்தேன். அவன் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறானாம். பதினோரு ஆண்டாக! அவனுடைய இலக்கத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கொப்பியிலும் அம்மாவின் எழுத்துக்குக் கீழே நானே பதிந்துவிட்டேன்:

"தம்பியின் சிநேகிதன். இரவு வேலை, பகல் இரண்டுக்குப் பிறகு எடுக்கவும். தாய்க்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. விசாரிக்கவும்."

அன்புடன்,
அப்பா