அந்த ஒண்ணு எதுக்குன்னு பாப்பாவுக்கு எழுதுனது

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதறேன்.

நீ அனுப்புன மாக் டெஸ்ட் பேப்பரைப் பாத்தேன் கண்ணு. 360க்கு எத்தனை காரணிங்கற கேள்விக்கு 6ன்னு போட்டிருக்கே, 2 மூணு தடவை, 3 ரெண்டு தடவை, 5 ஒரு தடவைன்னு சரியாத்தான் பிரிச்சே, ஆனா அந்த 3, 2, 1ஐ அப்படியே பெருக்கிட்டே. போன்ல கேட்டா பெருக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணோடயும் ஒண்ணு கூட்ட மறந்துட்டேன்ப்பான்னு சொன்னே. மறந்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல, அந்த ஒண்ணு எதுக்குன்னே உனக்கு யாரும் சொல்லித் தரலையேன்னுதான் மனசு கேக்கல.

நம்ம சேர் வாடகைக் கணக்கையே எடுத்துக்க. மண்டபத்துல 360 சேரை ஒண்ணு கூட மிச்சமில்லாம வரிசை போடணும்னா, வரிசைக்கு எத்தனைங்கறது 360ஓட காரணியா இருக்கணும், அந்த எண்ணுக்குள்ள 2, 3, 5 தவிர வேற எந்தப் பகா எண்ணும் நுழையவே முடியாது. இப்ப 2ஐ எத்தனை எடுப்பே? ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், மூணையும் எடுக்கலாம், இல்ல எடுக்காமயே விட்டுடலாம். அந்த எடுக்காம விடறதுதான் கண்ணு நீ மறந்த ஒண்ணு! அப்ப 2க்கு 4 வழி, 3க்கு 3 வழி, 5க்கு 2 வழி, பெருக்குனா 24. வரிசைக்கு 15 சேர்னா 2ஐ மொத்தமா விட்டுட்டு 3ல ஒண்ணும் 5ம் எடுத்திருக்கோம்னு அர்த்தம். எல்லாத்தையும் விட்டா 1, எல்லாத்தையும் எடுத்தா 360. ஒரே எண்ணை ரெண்டு தடவை எண்ணிடுவோமோன்னு பயப்படாத, ஒரு எண்ணைப் பகா எண்ணாப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கு.

இன்னொண்ணு பாரு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 360ல ஒரு சேர் உடைஞ்சு 359 ஆச்சுன்னா அது பகா எண், மொத்தத்தையும் ஒரே ஒரு வரிசையாப் போடணும், இல்லைன்னா வரிசைக்கு ஒண்ணுன்னு போடணும். ஒண்ணு கூடி 361 ஆனா அது 19ஐ 19ஆல பெருக்குனது, மூணே காரணி, 1, 19, 361. பக்கத்துப் பக்கத்து எண்ணு, ஆனா குணம் எவ்வளவு வேற பாரு.

தனக்குக் கீழ இருக்கற எல்லா எண்ணையும் விட 360க்குக் காரணி ஜாஸ்தி. இந்த மாதிரி எண்களைப் பத்தித்தான் நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜன் 1915ல பெரிய கட்டுரை எழுதுனார், மறுவருஷம் கேம்பிரிட்ஜ்ல அதுக்குத்தான் பட்டம் குடுத்தாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையால போட்ட பட்டியல் 6746328388800 வரைக்கும் போகுது, அதுக்கு 10080 காரணி. நடுவுல 293318625600ங்கற ஒரே ஒரு எண் மட்டும் விட்டுப் போச்சு, அதை 23ஆல பெருக்கிப் பாரு, பட்டியலோட அந்தக் கடைசி எண்ணே வந்து நிக்கும். நான் பேப்பர்ல போட்டுப் பாத்து சரியா வந்ததும் உங்கம்மாவைக் கூப்பிட்டுக் காமிச்சேன்.

சரி, உனக்கு ஒரு கணக்கு. சரியா 16 காரணி இருக்கற எண்கள்லயே சின்னது எது? 16ஐ 4, 2, 2ன்னும் பிரிக்கலாம், 8, 2ன்னும் பிரிக்கலாம், எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லு. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னா அதையும் மறைக்காம சொல்லு சாமி.

அப்பா