புள்ளி மறைந்தாலும் நிறுத்தாதே

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்தன. மகளுக்குக் கிள்ளானுக்கு மாற்றல் கிடைத்ததும், தங்கச்சிக்குச் சர்க்கரை இறங்கியதும் படித்து மனசு நிறைந்துபோனது. தங்கச்சியிடம், சாயங்கால நடையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

நேற்று போனில் அவசரத்தில் சொன்னதையெல்லாம் செய்திருப்பாய். மீன் தொட்டி ஃபில்டரிலிருந்து, மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனை எடுத்திருப்பாய், ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்திருப்பாய். ஏன் அப்படிச் சொன்னேன், இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் போனில் விளக்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கிளவுன் லோச் மீன்களுக்கு வந்திருப்பது வெள்ளைப்புள்ளி நோய், சந்தேகமே இல்லை. உடம்பிலும் துடுப்பிலும் ரவை தூவினாற்போல் இருக்கிறதே, ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒட்டுண்ணி. இக்தியோப்தீரியஸ் என்று பெயர். ஒற்றைச் செல் உயிர்தான், ஆனால் வளர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை வரும். அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருக்கும்வரை தண்ணீரில் நீ ஊற்றும் எந்த மருந்தும் அதைத் தொடாது. இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் மீன் வளர்ப்பவர்கள் பதறுவது இந்த இடத்தில்தான். மருந்து ஊற்றிய மறுநாளும் புள்ளி அப்படியே இருக்கும். மருந்து போதவில்லை என்று இன்னொரு மூடி ஊற்றுவார்கள். புள்ளி போவதற்குள் மீன் போய்விடும்.

தின்று கொழுத்த ஒட்டுண்ணி தானாக மீனை விட்டுக் கழன்று, அடியில் கிடக்கும் கல்லிலோ செடியிலோ ஒட்டி, சுற்றி ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே அது பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரை குஞ்சுகளாகும். அவை கூட்டை உடைத்து நீந்தி வந்து மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். நீந்தித் தேடும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உப்பும் மருந்தும் அவற்றைக் கொல்லும். நம்மூர்ச் சூட்டில் இந்தச் சுற்று முழுவதும் சில நாள்களில் முடிந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் புள்ளியை மறந்துவிடு. இனி வரப்போகும் குஞ்சுகளுக்காக மருந்து தண்ணீரில் காத்திருக்க வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் நிறுத்தாதே. செவுளுக்குள் இருக்கும் புள்ளி உன் கண்ணுக்குத் தெரியாது. மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அங்கே இன்னும் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

கடைக்காரர் கொடுத்த பச்சை மருந்தைப் பாட்டிலில் எழுதியபடியே ஊற்றலாமா என்று கேட்டிருந்தாய். லோச்சுக்கு வேண்டாம். அது மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்தது. கிளவுன் லோச்சின் செதில் மிகச் சிறியது, தோலுக்குள் புதைந்தது. கெண்டைக்கு இருப்பது போன்ற கவசம் அதற்குக் கிடையாது. டெட்ரா மீனுக்கும் மாலகைட் கிரீன் ஒத்துக்கொள்ளாது, உன் தொட்டியில் நியான் டெட்ராவும் இருக்கிறது. ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் குறைக்கும். செவுள் புண்ணாகி மூச்சுக்குத் திணறும் மீனுக்கு அது இரட்டை அடி. செம்பு மருந்தை யார் சொன்னாலும் தொடாதே. உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் குழாயில் வருவது சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்தண்ணீர், அதில் செம்பின் விஷம் பல மடங்கு ஏறும். இறாலும் நத்தையும் கூட மிஞ்சாது.

மீன்கள் இன்னும் சாப்பிடுகின்றன என்று சொன்னாய். அப்படியென்றால் நான் உப்பில்தான் தொடங்குவேன். உன்னுடையது நாலடித் தொட்டி. 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 243 லிட்டர் வரும். கல்லும் கட்டையும் மேலே விட்ட இடமும் போக 200 லிட்டர் என்று எடுத்துக்கொள். நீ உண்மையில் அளந்து பார்த்துவிட்டு என் கணக்கைத் திருத்து. லிட்டருக்கு 2 கிராம் வீதம் 400 கிராம் கல்லுப்பு. அதை ஒரே தடவையில் கொட்டாதே. நாலு பங்காக்கி, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, இரண்டு நாளில் ஊற்றி முடி. தினமும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் மாற்று. மாற்றும்போது சைபன் குழாயைக் கல்லுக்குள் விட்டு உறிஞ்சு, ஒட்டிக் கிடக்கும் கூடுகளில் பல அதோடு வெளியே வந்துவிடும். மருந்தை விட நான் அதிகம் நம்புவது இந்த வேலையைத்தான். 60 லிட்டர் எடுத்தால் புதுத் தண்ணீரோடு 120 கிராம் உப்பும் போக வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டும்போது உப்பு சேர்க்காதே, உப்பு ஆவியாவதில்லை. செடிகள் சில வாடும். வாடட்டும், பிறகு நட்டுக்கொள்ளலாம்.

சூடு பற்றியும் சொல்ல வேண்டும். ஹாலில் புது ஏர்கான் மாட்டியதாக எழுதியிருந்தாய். நோய்க்கு வழிவிட்டது அதுவாகத்தான் இருக்கும். பகலில் 29 டிகிரி, ராத்திரி ஏர்கானில் 24, காலையில் திரும்பவும் 29 என்று தினம் ஏறி இறங்கினால் எந்த மீனுக்கும் உடம்பு தளரும். கோலாலம்பூரில் ஹீட்டர் எதற்கு என்று கடையில் கேட்பார்கள். கேட்கட்டும், ஒன்று வாங்கி மாட்டு. மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி அங்கேயே நிறுத்து. அந்தச் சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக முடியும், பெரும்பாலான ரகங்கள் பெருக முடியாமல் தடுமாறும். தாங்கும் ரகங்களும் உண்டு, அதனால் சூட்டை மட்டும் நம்பி இருக்காதே. தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் ராத்திரியும் ஓடட்டும்.

நாலைந்து நாளில் புதுப் புள்ளி குறையவில்லை என்றால் அப்போது பச்சை மருந்து, அதுவும் பாதி அளவு. ஊற்றுவதற்கு முன் சூட்டை 28க்கு இறக்கிவிடு. சூட்டில் அந்த மருந்தின் கடுமை கூடும். கையுறை போட்டுக்கொள், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதே. அந்தத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றிவிடாதே. சாப்பிடும் மீனுக்கு மாலகைட் கிரீன் கூடாது என்று பல நாடுகளில் தடையே இருக்கிறது.

நாலாவது படத்தில் ஒரு மீன் மட்டும் நன்றாகத் தின்றும் முதுகு மெலிந்து கத்தி போல இருக்கிறது. அதற்குக் குடலில் புழு இருக்கலாம். லெவாமிசோல் என்ற புழு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் இப்போது வேண்டாம். இந்த நோய் முழுக்கத் தீர்ந்து, மீன் இரண்டு மூன்று வாரம் தேறட்டும். ஒரே சமயத்தில் இரண்டு வைத்தியம் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

மச்சான், இந்த மீன்கள் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று உனக்குத் தெரியும். இவை எங்கோ அமேசானிலிருந்து வந்தவை அல்ல. மலாக்கா நீரிணைக்கு அந்தக் கரையில் சுமத்ராவின் ஆறுகளிலும், போர்னியோவிலும் பிறந்தவை. 1852இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு ராணுவ வைத்தியராக இருந்த பிளீக்கர் இவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்றும் ஆற்றில் பிடித்த குஞ்சுகள்தான் கடைக்கு நிறைய வருகின்றன. பிடித்து, அடைத்து, பட்டினி போட்டு, கை மாறிக் கை மாறி உன் வீட்டுக்கு வந்து சேரும்போது அவற்றின் உடம்பில் ஒரு பலமும் மிச்சமிருக்காது. முறையாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷத்துக்கு மேல் வாழும், ஓர் அடி நீளம் வளரும். அப்படிப்பட்ட உயிரை இரண்டு விரல் நீளத்திலேயே நோய்க்குக் கொடுக்க மனசு வரவில்லை. இந்த நோயிலிருந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடும். அடுத்து எந்த மீன் வாங்கினாலும் நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார், வலையும் தனி வலையாக இருக்கட்டும்.

இங்கே எல்லாரும் சுகம். என் டிஸ்கஸ் மீன் ஜோடி முட்டையிட்டிருக்கிறது. குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் சளியைத்தான் முதலில் தின்னும், அதனால் பக்கத்தில் சத்தம் போடாமல் நடக்கிறோம். மருமகன் பிறை ஊரிலேயே வேறு தொழிற்சாலைக்கு மாறிவிட்டான், சம்பளம் பரவாயில்லை. மழை மட்டும் விட்டபாடில்லை.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறேன் என்றாயே, இந்த முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கினால் ஃபெரியில் இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஜெட்டியில் நான் நிற்பேன். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, பூசத்துக்கு இடம் கிடைக்காது.

தொட்டியை அளந்ததும் போன் பண்ணு. காலையிலும் மாலையிலும் தண்ணீர்ச் சூட்டைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வை, அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் தோட்டத்துச் சிநேகிதன்