நேப்பிள்ஸ் சக்கரமும் நம் ஊர்த் தொட்டிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் உங்கள் மதுரைப் பதிப்பில் ஒரு மாணவியின் படத்தைப் போட்டு, ‘தொட்டில் குழந்தை சாதனை’ என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். பெற்றவர்கள் அரசுத் தொட்டிலில் விட்டுப்போன பிள்ளை என்று அர்த்தம். அடுத்து வந்த ஞாயிறு இணைப்பில் பீட்சாவைப் பற்றி ஒரு முழுப் பக்கம். 1889இல் இத்தாலி ராணி மார்கரீட்டா நேப்பிள்ஸுக்கு வந்திருந்தபோது ரஃபேல் எஸ்போசிட்டோ என்பவர் அவருக்காகச் சுட்டுக் கொடுத்ததுதான் மார்கரீட்டா பீட்சா என்று சொல்லப்படும் கதை அதில் இருந்தது. இந்த இரண்டையும் எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள். பேசியிருந்தால் தெரிந்திருக்கும்: அந்த பீட்சாக்காரரின் பெயருக்கும் ஏறக்குறைய ‘தொட்டில் குழந்தை’ என்றுதான் அர்த்தம்.

இது எனக்குத் தெரிந்தது என் தங்கை மகன் மூலமாக. அவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் கப்பலில் எல்லாரும் அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மானம் கப்பலேறும் என்பார்கள். எங்கள் மச்சான் பெயர் நிஜமாகவே கப்பலேறிவிட்டது. சரி, அது கிடக்கட்டும். கப்பல் நேப்பிள்ஸில் நின்றபோது போன் செய்தான். “மாமா, இங்க ஏஜென்ட் ஆபீஸ்ல மூணு பேர் சட்டையில எஸ்போசிட்டோன்னு இருக்கு. அண்ணன் தம்பியான்னு கேட்டேன், சிரிக்கிறாங்க” என்றான். அப்புறம் அவர்களில் ஒருவரே அவனை அனுன்சியாட்டா என்ற பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்.

அங்கே சுவரில் ஒரு துவாரம். அதற்குள் ஒரு பக்கம் மட்டும் திறந்த மர உருளை, நின்ற வாக்கில் சுழலும். சக்கரம் என்றுதான் அதற்குப் பெயர். தெருவில் நிற்பவர் பிள்ளையை அதில் வைத்துத் திருப்பிவிட்டால் பிள்ளை உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. 1875இல்தான் அதை மூடினார்கள். அந்தப் பிள்ளைகளை ஊர்ச் சனங்கள் ‘மாதாவின் பிள்ளைகள்’ என்று சொல்வார்களாம். எவ்வளவு நல்ல வார்த்தை! ஆனால் பதிவேட்டில் ஏறியது அது இல்லை. ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்ற பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த எஸ்போசிட்டோ ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் இப்படிப் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் பெயர்களை இனி வைக்கக் கூடாது என்று தடை வந்தது. அதற்குள் பெயர் பிள்ளை, பேரன் என்று இறங்கிவிட்டது. இன்று இத்தாலியின் பரவலான குடும்பப் பெயர்களில் முதல் பத்துக்குள் அது இருக்கிறது. நேப்பிள்ஸ் பக்கம்தான் மிக அதிகம். என் பேரன் செல்போனில் பார்க்கும் அமெரிக்கத் தொடரில் கோழிக்கடை முதலாளியாக வருகிறாரே ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ, அவருடைய அப்பாவும் நேப்பிள்ஸ்காரர்தான்.

மதுரைக்கு இத்தாலியப் பெயர் புதிதல்ல. 1606இல் இங்கே வந்து காவி உடுத்தி, தமிழ் படித்து, தத்துவ போதகர் என்று பெயரெடுத்த ராபர்ட் தெ நொபிலியின் குடும்பப் பெயருக்கு ‘உயர்குடியார்’ என்று அர்த்தம். அது ஒரு கோடி என்றால் எஸ்போசிட்டோ மறு கோடி.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி எழுதவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரோம் நகரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ‘ப்ரொயெட்டி’ என்று போட்டார்கள். எறியப்பட்டவர்கள் என்று அர்த்தம். ஃபிளாரன்ஸில் 1445இல் திறந்த காப்பகத்தின் பெயரைக் கொண்டு ‘இன்னொசென்டி’, அதாவது மாசற்றவர்கள். மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் அங்கே ‘கொலம்போ’, புறா. அதே கைவிடப்பட்ட பிள்ளைதான். பேனா பிடித்தவர் மனசைப் பொறுத்து ஒன்று எறியப்பட்டதாகிறது, ஒன்று புறாவாகிறது. ஃபிளாரன்ஸ் காப்பகத்தில் தாய்மார் பிள்ளையோடு விட்டுப்போன பாதி நாணயங்களையும் பாதிப் பதக்கங்களையும் இன்னும் வைத்திருக்கிறார்கள். மறு பாதியைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டிப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

இதைக் கேட்டதும் எனக்கு என் பெயர்தான் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்த மூன்றாம் நாள் என்னை முறத்தில் போட்டு வீட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிட்டார்கள். என் அத்தை தற்செயலாக வருகிறவர் மாதிரி வந்து எடுத்துக்கொண்டார். “எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம், யாருக்கு வேணும்?” என்று அவர் கேட்க, என் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கினார். அதனால் பிச்சை. எங்கள் தெருவிலேயே ஒரு குப்பையும் ஒரு தவிடனும் இருந்தார்கள். எமன் ஏமாறுவான் என்ற கணக்கு. எங்களை எறிந்ததெல்லாம் நாடகம், வாசலில் தவிட்டுப் படியோடு அம்மா நின்றுகொண்டிருந்தார் என்று தெரிவதால் அந்தப் பெயர் எங்களுக்கு உறுத்தவில்லை. நிஜமாகவே விடப்பட்ட பிள்ளைக்கு அதே சொல் எப்படி இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை.

தோன்றாததற்கு என் கையெழுத்தே சாட்சி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். 2006 ஜூனில் ஒரு காப்பகத்து ஆயா ஐந்து வயதுப் பெண்ணைச் சேர்க்கக் கூட்டிவந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. இனிஷியல் என்ன என்று கேட்டேன். “நீங்களே ஏதாவது போடுங்க சார்” என்றார். ஏதாவது போட்டிருக்கலாம். நிர்வாகியின் எழுத்தையோ ஊர் எழுத்தையோ போட்டிருக்கலாம். நான் இனிஷியலை விட்டுவிட்டுத் தந்தை பெயர்க் கட்டத்தில் சிவப்பு மையில் ‘தொட்டில் குழந்தை’ என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுதுகிறோம் என்று அன்று எனக்குப் பெருமைகூட.

போன மாதம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்திருந்தது. கையில் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ். அதிலிருந்து மாற்றுச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து அடுத்த பள்ளிக்குப் போய், இப்போது வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் இடத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை உரக்க வாசித்தாராம். ஜெராக்ஸில் சிவப்பு மை கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. “இதை எழுதினது யாரு சார்?” என்று கேட்டது. “நான்தாம்மா” என்றேன். வேறொன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தது. திருத்தம் கேட்டு மறுநாள் இருவரும் போய் மனுக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

தொட்டிலை நான் குறை சொல்லவில்லை. 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னால் நம் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமெல்லாம் வந்தது. கள்ளிப்பாலும் நெல்மணியும் பெண் சிசுக்களை என்ன செய்தன என்று இந்த வட்டாரத்தில் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். தொட்டில் வைத்தது பெரிய காரியம். ஆனால் தொட்டிலில் பிள்ளை சில நாள்தான் கிடந்திருக்கும். உங்கள் செய்தியில் இருந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. உங்கள் நிருபர் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லையே. எஸ்போசிட்டோ பலப்பல தலைமுறை தாண்டி வெறும் பெயராகிவிட்டது. இந்தப் பெண் அடுத்த மாதமே கல்லூரிக்குப் போக வேண்டும்.

அதனால் கேட்டுக்கொள்வது இதுதான். வரும் ஆண்டு ரிசல்ட் நாளில் இப்படி ஒரு மாணவி நல்ல மார்க் வாங்கினால் பெயர், பள்ளி, மார்க், என்ன படிக்க ஆசை என்று மற்றப் பிள்ளைகளுக்குப் போடுவதையே போடுங்கள். காப்பகத்தைப் பாராட்ட வேண்டுமானால் அதற்குத் தனிச் செய்தி போடுங்கள். நானும் விரும்பிப் படிப்பேன். இணையத்தில் கிடக்கும் இந்த ஆண்டுச் செய்தியின் தலைப்பையும் மாற்ற முடியும் என்று என் பேரன் சொல்கிறான். முடிந்தால் அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒ. பிச்சை
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்
உசிலம்பட்டி