எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பான பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும், ஆசிரியர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. 12ஆம் தேதி மேட்டூர் அணையும் திறந்தாயிற்று. குறுவை நடவு மும்முரமாகிவிட்டால் உங்களில் பாதிப் பேரை வயலில்தான் பார்க்க முடியும். அதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

2025-26ஆம் கல்வியாண்டில் நம் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்று மே மாதம் முழுக்க ஊர் ஊராகப் பேசினோம். பள்ளியின் மேம்பாட்டுத் திட்டத்தை மேலாண்மைக் குழு தயாரிக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். இருந்தாலும், யாராவது ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. இந்த முறை நம் ஒன்றியத்தில் அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

முதல் நன்றி அம்மாக்களுக்கு. மே மாதம் கோடைப் பருத்தி எடுக்கிற நேரம். விடியற்காலையில் வயலுக்குப் போய், வெயில் ஏறிய பிறகு திரும்பி, சமைத்துப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு வையுங்கள் என்று நீங்களே சொன்னீர்கள். வைத்தோம். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, விரலில் பருத்திக் காய் கீறிய தழும்போடு வந்து உட்கார்ந்தீர்கள். அப்படி ஒரு கூட்டத்தை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு நீளமான பட்டியலோடு வந்திருந்தோம். வாசிப்பு, கணக்கு, வருகைப் பதிவு, சுற்றுச்சுவர், கணினி என்று அதில் இல்லாதது இல்லை. அதைப் படித்து முடித்ததும் ஒரு பள்ளியில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "மேடம், எம் பொண்ணு பள்ளிக்கூடம் போனா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல. ஏன்டின்னு கேட்டா, பாத்ரூம் கதவுல தாப்பா இல்லங்கிறா. தாகத்தோட உக்காந்திருக்கிற புள்ளைக்கு நீங்க சொல்லிக் கொடுக்கிறது எப்படி ஏறும்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு போன ஊரிலெல்லாம் அதே கேள்வியை நான் கேட்டேன். எங்கேயும் 'எங்க பள்ளியில் அந்தப் பிரச்சினை இல்லை' என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லவில்லை. தாழ்ப்பாள் இருக்கிற இடத்தில் தண்ணீர் வராது, தண்ணீர் வருகிற இடத்தில் வாளி இருக்காது. எந்தப் படிவத்திலும் இது இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. கட்டடம் இருக்கிறதா, இல்லையா என்றுதான் படிவம் கேட்கும்.

கடைசியில் எங்கள் பட்டியலை நீங்கள் மூன்றாகச் சுருக்கிக் கொடுத்தீர்கள். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற எந்தப் பிள்ளையும் தமிழில் ஒரு பக்கத்தைத் திணறாமல் வாசிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்த ஒருவர்கூட ஒன்பதில் சேராமல் நின்றுவிடக் கூடாது. பெண் பிள்ளைகள் தயங்காமல் போகிற கழிப்பறை எல்லாப் பள்ளியிலும் வேண்டும். இந்த மூன்றையும் எந்த அலுவலர் மாறினாலும் நீங்கள் விடமாட்டீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது.

மூன்றாவது இலக்குக்கு முதலில் கை கொடுத்தவர்கள் முன்னாள் மாணவர்கள். 2024இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது அவர்களுக்கும் இடம் கிடைத்தது. அப்படி வந்த ஒரு தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி திறப்பதற்கு முன்பே தன் ஊர்ப் பள்ளியோடு பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் போய்க் கதவுகளைச் சரிசெய்து கொடுத்தார். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கை எட்ட வேண்டும் என்று தாழ்ப்பாளைத் தாழ்த்தி வைத்திருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஊராட்சித் தலைவர்களாக இருந்தவர்களுக்கும் நன்றி. உங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. வர வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்தீர்கள், தண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது, மோட்டார் எங்கே பழுதாகும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் என் அலுவலக எல்லைக்குள் வருகிறவர்கள் இல்லை. எட்டாம் வகுப்போடு கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் முடிந்துவிடுகிறது, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை எங்கே போனது என்று இரண்டு பக்கமும் தெரியாமல் போய்விடுகிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். நடுநிலைப் பள்ளிகளுக்கு நீங்களே வந்து, பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, சேராதவர்களின் வீட்டுக்கு ஆசிரியர்களை அனுப்பினீர்கள். இன்னும் சில பெயர்கள் பாக்கி இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் தேடுவோம்.

காலை உணவு சமைக்கிற அக்காக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டேகால் மணிக்குத் தட்டு வைக்கும்போதே இன்றைக்கு யார் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிப்பதால் ஏன் வரவில்லை என்பதும் தெரிகிறது. நடவு நாட்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியருக்கு உடனே சொல்லிவிடுகிறோம் என்று நீங்களாகவே முன்வந்தீர்கள். ஒரு நாள் வராத பிள்ளை ஒரு வாரம் வராமல் போவதை இதைவிட நன்றாகத் தடுக்க வழியில்லை.

ஆசிரியர்களுக்கு என்ன சொல்வது! அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் வகுப்பில், கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பில் இன்னும் முதல் நிலையான அரும்பிலேயே இருக்கிறவர்கள் யார் யார் என்று பெற்றோர் முன்னால் பேசத் துணிச்சல் வேண்டும். பேசினீர்கள். பிள்ளையின் பெயரைச் சபையில் சொல்லாமல் அம்மா அப்பாவிடம் தனியாகச் சொன்ன பக்குவத்துக்கும் சேர்த்து நன்றி. அப்புறம், 2021இல் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண்கள் சிலர் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்கிறோம் என்று மறுபடியும் திண்ணையைத் திறந்திருக்கிறீர்கள். ஆசிரியர் பயிற்றுநர்கள் அதற்கான வாசிப்பு அட்டைகளைத் தருகிறார்கள்.

காலாண்டுத் தேர்வுக்கு முன், சம்பா நடவு தொடங்குவதற்குள் ஒருமுறை கூடுவோம். மூன்று இலக்கும் எந்த அளவில் இருக்கின்றன என்று ஒவ்வொரு பள்ளியிலும் குழுத் தலைவிதான் சொல்லப்போகிறார், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். நேரம் அதே மாலை ஏழு மணி. குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரக் கல்வி அலுவலர்