மேத்யூஸ் விஷயத்தில் கடைசி வருடம் வரை காத்திருக்காதீர்கள்

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி நிர்வாகத்தினருக்கு, வணக்கம்.

நம் கேப்டன் ஆஸ்டன் மேத்யூஸின் ஒப்பந்தம் 2027-28 பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் அவர் 2027 ஜூலை 1 முதல்தான் கையெழுத்திட முடியும். அதற்குள் என்ன அவசரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் அணியில் இருந்த மிட்ச் மார்னர் விஷயத்தில் காத்திருந்து என்ன கண்டோம்? 2024-25இல் 102 புள்ளிகள் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தவர் அந்தக் கோடையிலேயே வேகஸ் அணிக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தது நிக்கோலா ருவா ஒருவர்தான். மார்னர் மேல் எனக்குக் கோபமில்லை. கடைசி வருடம் வந்துவிட்டால் பிடி வீரர் கைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

மேத்யூஸ் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஒரே பருவத்தில் 69 கோல் அடித்த கேப்டனை யார் விடச் சொல்வார்கள்? ஆனால் ஏழு வருடம் கொடுக்காதீர்கள். புது ஒப்பந்தம் தொடங்கும்போது அவருக்கு 31 வயது, முடியும்போது 38ஐ நெருங்கியிருப்பார். மணிக்கட்டில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2024-25இல் 67 ஆட்டம்தான் ஆட முடிந்தது, 33 கோல். ஒரு அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகத் தரக்கூடிய சம்பள உச்சவரம்பு 2025-26இன் 95.5 மில்லியன் டாலரிலிருந்து 2026-27க்கே 104 மில்லியனாக ஏறுகிறது, எனவே பெரிய தொகை போகப் போகச் சிறிதாகிவிடும் என்பார்கள். சரி, ஆனால் உச்சவரம்பு ஏறுவதால் காலில் வேகம் கூடாதே.

கால்கரி அணியைப் பாருங்கள். 2022இல் அவர்களுடைய நட்சத்திர வீரர் மேத்யூ கச்சக் நீண்ட ஒப்பந்தத்துக்கு வரமாட்டேன் என்றதும், தாமதிக்காமல் அவரை ஃபுளோரிடா அணிக்குக் கொடுத்து ஜொனதன் ஹூபர்டோவையும் மெக்கன்ஸி வீகரையும் வாங்கினார்கள். அதுவரை சரியான வேலை. சறுக்கியது அடுத்த மாதம்தான். 115 புள்ளிகள் எடுத்துவிட்டு வந்த ஹூபர்டோவை, தங்கள் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே, எட்டு வருடத்துக்கு 84 மில்லியன் டாலருக்குக் கட்டிப்போட்டார்கள். அந்த முதல் பருவத்தில் அவர் எடுத்தது 55 புள்ளிகள். கச்சக்கோ 2024லும் 2025லும் ஃபுளோரிடாவோடு சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். கால்கரிக்கு அடி விழுந்தது நட்சத்திரத்தை விற்றதால் மட்டுமல்ல, போன இடத்தை நிரப்பப் பதறியதால்.

அதனால் கேட்கிறேன்: 2027 ஜூலையில் நான்கைந்து வருட ஒப்பந்தத்தை அவர் முன் வையுங்கள். ஆண்டுத் தொகை இப்போதைய 13.25 மில்லியனைவிடக் கூடினாலும் பரவாயில்லை, நீளம்தான் ஆபத்து. மறுத்தால், எந்த அணிகளுக்குப் போகச் சம்மதம் என்று அந்தக் கோடையிலேயே கேட்டுவிடுங்கள். அவர் சம்மதமில்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்பதால் நேர்மையாகப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில்தான் பல அணிகளிடம் இவ்வளவு பெரிய சம்பளத்துக்கு இடம் இருக்கும், முழு பருவமும் கையில் இருப்பதால் கூடுதலாகவும் தருவார்கள். பருவம் நடுவே போனால் பேரம் பேச இரண்டு மூன்று அணிகள் மிஞ்சினாலே பெரிது.

1967க்குப் பிறகு கோப்பையைக் காணாத ரசிகர்கள் நாங்கள். அவரை விற்றால் வலிக்கும், திட்டவும் செய்வோம். அந்தத் திட்டுக்குப் பயந்து முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு லீஃப்ஸ் ரசிகன்