சின்னவன் மஸ்கட் போகிறான்

மண்டபம்
18 ஜனவரி 2026

அன்புள்ள சிலோன்,

நலம். உன் தங்கச்சியும் நலம், முழங்கால் மட்டும் பழைய கதைதான். அங்கே கோத்தகிரியில் உறைபனி என்று டிவியில் காட்டினார்கள். காதை மூடாமல் வெளியே போகாதே. பொங்கலன்று நீ போன் பண்ணியும் நான் எடுக்கவில்லை, அப்புறம் திரும்பக் கூப்பிடவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. பேசினால் தொண்டை அடைத்துவிடும் போலிருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவன் மஸ்கட் போகிறான். 27ஆம் தேதி சென்னையிலிருந்து விமானம்.

“இதுக்கா இவ்வளவு? உங்க பக்கம் பாஸ்போர்ட் இல்லாத வீடு எங்கடா இருக்கு?” என்பாய். உண்மைதான். கீழக்கரையில் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சபுராளி என்று தனிப் பேரே உண்டு. ஆனால் என் வீட்டுக்குள் அது வரும் என்று நான் நினைத்ததில்லை. ராமநாதபுரத்தில் வண்டி சர்வீஸ் வேலை, மாதம் 24,000 ரூபாய், ராத்திரி வீட்டுச் சோறு. கடன் இல்லை. அக்கா கல்யாணம் முடிந்தது. பின்னே எதுக்குடா போகிறாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்:

“குறை ஒண்ணும் இல்லப்பா. நாங்க எட்டுப் பேரு. ஆறு பேரு அங்க ஒரே ரூம்ல கெடக்காங்க. சாயங்காலம் போட் ஜெட்டிக்குப் போனா எனக்குப் பேச ஆளில்ல. நான்தான் வெளியூர்ல இருக்கிற மாதிரி இருக்கு.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வருஷக்கணக்காகப் புவியியல் நடத்தினேனே, இடப்பெயர்வு என்றால் கரும்பலகையில் நடுக்கோடு போட்டு, தள்ளும் காரணிகள் இந்தப் பக்கம், இழுக்கும் காரணிகள் அந்தப் பக்கம் என்று எழுதிப் போடுவேன். வறட்சி, வேலையின்மை, போர் இடது பக்கம். கூலி, படிப்பு, பாதுகாப்பு வலது பக்கம். பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். இவன் சொன்ன பதிலை எந்தப் பக்கம் எழுதுவது? கூட்டாளிகள் எங்கே இருக்கிறார்களோ அதுதான் இவனுக்கு ஊர். அது இவனை விட்டுவிட்டு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது.

அப்புறம்தான் உன் தாத்தா ஞாபகம் வந்தார். மண்டபம் கேம்ப் வேப்பமரத்தடியில் நீ சொன்னாயே, துறையூர்ப் பக்கத்திலிருந்து அவரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன கங்காணி, அதாவது ஆள் சேர்க்கிற மேஸ்திரி, அவருக்கே பெரியப்பா முறை என்று. பஞ்சம் இருந்தது, பசி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பசித்தவன் எல்லாரும் கப்பல் ஏறவில்லையே. பெரியப்பா வந்து முன்பணத்தைக் கையில் வைத்து, “நான் இருக்கேன், வா” என்று சொன்ன வீட்டிலிருந்துதான் கிளம்பினார்கள். ஒரு கங்காணி போனால் அவன் தெருவே பின்னால் போகும். அந்தப் பணமே அப்புறம் கழுத்துக் கயிறாக இறுகியது வேறு கதை. 1914இல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் விட்ட பிறகு, அந்தச் சனம் பெரும்பாலும் நம் மண்டபம் வழியாகத்தான் போனது. காய்ச்சல், அம்மை, காலரா இருக்கிறதா என்று இலங்கை அரசாங்கம் அடைத்துவைத்துப் பார்த்த அதே கேம்ப்பில்தானே பின்னால் உங்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள். போனவர்களும் வந்தவர்களும் ஒரே தரையில் படுத்திருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு தினமும் அந்தக் காம்பவுண்டைத் தாண்டித்தான் போனேன். இது ஒருநாளும் என் மண்டையில் உறைக்கவில்லை.

ரேவன்ஸ்டீன் என்று ஒருவர், 1885இல் இடப்பெயர்வுக்கு விதிகள் எழுதினார். ஒரு பக்கம் ஆட்கள் பெருகிப் போனால் எதிர்ப்பக்கமும் ஓர் ஓட்டம் உண்டாகும் என்பது அதில் ஒன்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வந்தது அப்படியா? 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். உங்களைப் போல அங்கே இருந்த இந்திய வம்சாவளிச் சனம் மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். புளியங்கொட்டை எண்ணுகிற மாதிரி. அந்த எண்ணிக்கைக்குள் ஒரு கொட்டையாகத்தான் 11 வயதில் நீ பச்சைத் தகரப்பெட்டியோடு ஆறாம் வகுப்பு வாசலில் வந்து நின்றாய். மூக்கன் உனக்கு சிலோன் என்று பேர் வைத்தான். பட்டாணி வாத்தியார் அதையே வருகைப்பதிவிலும் கூப்பிட்டார். இலங்கை மலைநாட்டு அட்டனில் உன்னை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன் என்றோம். நான் இன்னும் அப்படித்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இப்போதாவது சொல்லிவிடு, ராஜேந்திரா.

போன ஞாயிறு சின்னவனை தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான். அரிச்சல்முனைக்கு இப்போது நல்ல ரோடு. வழியில் தண்ணீரில் பூநாரைகள் நின்றன, இந்த வருஷம் கொஞ்சம்தான். முனையில் நிற்கும்போது அவன் போன் டிங் என்றது: இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று செய்தி. அவன் சிரித்தான். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

திரும்பும்போது இடிந்த சர்ச்சுப் பக்கம் ஒரு அம்மா மணலில் உட்கார்ந்திருந்தாள். முழ ஆழத்துக்குக் குழி. அதற்குள் ஊற்றுத் தண்ணீர். சிரட்டையால் கலங்காமல் மேலாக மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றினாள். மணல் சரிந்தால் கொஞ்ச நேரம் காத்திருப்பாள், தெளிந்ததும் மறுபடி மொள்ளுவாள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், குழிக்குள் நல்ல தண்ணீர். எனக்குக் கையில் ஊற்றினாள், இனிப்பாக இருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் என் அம்மா ஒரு வயசுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் அது. ரயிலோடு நூற்றுக்கு மேல் சனம் கடலுக்குள் போனது. இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. அம்மா சாகிறவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் இவர்கள் ஓலைக் கொட்டகையில் இருக்கிறார்கள். ஏம்மா போகவில்லை என்றேன். “எங்க ஆளுக எல்லாம் இங்கதானய்யா இருக்காக” என்றாள்.

பார்த்தாயா? சின்னவன் சொன்ன பதிலேதான். அவன் போகிறதுக்குச் சொன்னான், அவள் இருக்கிறதுக்குச் சொன்னாள். வண்டியில் வரும்போது அவனைத் தடுத்துப் பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது வீடு முழுக்கக் கருவாட்டு வாசம். உன் தங்கச்சி நெத்திலியைத் தலை கிள்ளி, வெயிலில் இன்னொரு தரம் காயவைத்து, பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, மறுபடி பேப்பரில் சுற்றுகிறாள். பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தோம், 32 கிலோ. 30தான் விடுவான். கருப்பட்டியை எடு என்கிறான் அவன். சட்டையை எடுடா என்கிறாள் அவள். மூன்று நாளாக இதே சண்டை. அழுவதற்குப் பதில் சண்டை போடுகிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் குறுக்கே போவதில்லை.

ஒன்று கேட்கணும். ஐம்பது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை, வெட்கமாக இருக்கிறது. நீ வந்த புதிதில் உன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, சீனிச் சம்பல் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறும்போது நீ யாரை விட்டுவிட்டு வந்தாய்? அட்டனில் உனக்கும் எட்டுப் பேர் இருந்திருப்பார்களே, அவர்கள் எங்கே? சின்னவனுக்குப் போய்ச் சேர ஆள் இருக்கிறது. உனக்குக் கேம்ப்பில் யார் இருந்தார்கள்? பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தால் விட்டுவிடு. சொன்னால் பெரிதாக எழுது.

லாரிக்காரத் தம்பி ஒருத்தன் மேட்டுப்பாளையம் வரை வருகிறான். அவனிடம் இரண்டு கிலோ மாசிக் கருவாடும், பெட்டியிலிருந்து எடுத்த அந்தக் கருப்பட்டியும் கொடுத்து விடுகிறேன். கோத்தகிரி பஸ்ஸில் யார் மூலமாவது மேலே ஏற்றிக்கொள். 27ஆம் தேதிக்கு முன்னால் சின்னவனுக்கு ஒரு போன் போட்டுப் பேசு. என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வான்.

உன்,
மண்டபத்தான்