மூடப்பட்ட முந்திரி ஆலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளின் தொழில்கள் நலிவதற்கு அவற்றின் நிர்வாகச் சீர்கேடு மட்டுமே காரணம் என்போர், ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் முந்திரித் தொழிலுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் உலக முந்திரி உற்பத்தியில் முன்னணியில் நின்ற அந்நாட்டில், 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரும் அரசு ஆலைகளின் திறமைக்குறைவும் தொழிலைச் சிதைத்தன என்பது உண்மையே. ஆயினும், தனியாருக்கு விற்கப்பட்ட ஆலைகள் மீண்டெழ முயன்றுகொண்டிருந்த 1990களின் நடுப்பகுதியில், உடைக்காத கொட்டையின் மீதான ஏற்றுமதி வரியைக் குறைத்தால்தான் கடன் என்று உலக வங்கி நிபந்தனை விதித்தது. ஒரு நாடு தன் வரியைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கடனுக்கு ஈடாகப் பறிப்பதைப் பொருளாதார ஏகாதிபத்தியம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வரி குறைந்ததும், உடைக்காத கொட்டைகள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. உடைக்கக் கொட்டையின்றி மொசாம்பிக்கில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களில் பெருந்தொகையான பெண்கள், வேலையிழந்தனர். வரிக்குறைப்பால் அந்நாட்டு முந்திரி விவசாயிக்குக் கிடைத்த ஆதாயமோ, பொருளியல் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டபடி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து டாலர் சொச்சம்தான்.

எங்கள் மாவட்டத்து முந்திரி ஆலைகளில், தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து வெடித்த விரல்களோடு ஆப்பிரிக்கக் கொட்டைகளை உடைக்கும் பெண்களை நான் நன்கு அறிவேன். அவர்கள் பிழைப்பு நிலைக்கட்டும். ஆனால் அதே உழைப்பை நம்பியிருந்த மொசாம்பிக் பெண்களின் இழப்பை நாம் அறியாதிருக்கலாகாது. 1999இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வரியை மீண்டும் உயர்த்தியபோது, பெரிய ஆலைகள் பலவும் பூட்டிக் கிடந்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்.